டிராக்கன்ஸ்பர்க் மலையும் மூச்சுமுட்டிய ஜுராசிக் கடலும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே உள்ள பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர், 1 ஜூன் 2025

எரிமலைக் குழம்பு கடலில் கொட்டினால் அந்த நெருப்பு தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எரித்துத் தீர்த்துவிடும், பழங்காலத்தில் கடல் உயிர்கள் கூட்டமாகச் செத்தது அதனால்தான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நம்ப முடியவில்லை. நம் டிராக்கன்ஸ்பர்க்கும் எரிமலைக் குழம்பு உறைந்த மலைதானே? அது கொட்டிய காலத்தில் டர்பன் கடலில் என்ன ஆயிற்று?

1 ஜூன், இரவு

எரிமலைக் குழம்பு எரிவதில்லை. அது உருகிய கல். விறகு போல ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு எரிய அதில் ஒன்றும் கிடையாது. காணொளி சொன்ன காரணம் தப்பு. ஆனால் முடிவு சரி: பேரெரிமலைக் காலங்களில் கடலின் ஆக்சிஜன் உண்மையிலேயே சரிந்திருக்கிறது, ஒரு தடவை அல்ல, பல தடவை. அந்தச் சரிவுகளில் ஒன்றைத் தொடங்கிவைத்த குழம்பு கொட்டிய இடம் நாம் குடியிருக்கும் இந்த மண்தான். அதனால்தான் இதை அவசரமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. நாளை உட்கார்ந்து எழுதுகிறேன்.

2 ஜூன்

சுமார் 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில், இன்றைய தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, அண்டார்க்டிகா, டாஸ்மேனியா ஆகியவை ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. அந்த நிலம் பிளவுபடத் தொடங்கியபோது பூமிக்கடியிலிருந்து பல லட்சம் கன கிலோமீட்டர் பாறைக்குழம்பு ஏறி வந்தது. கூம்பு வடிவ மலை உச்சியிலிருந்து அல்ல, நீண்ட வெடிப்புகள் வழியாக. அடுக்கின் மேல் அடுக்காகப் பரவி உறைந்தது. பின்னால் அரித்துப்போனது போக, லெசோத்தோ பக்கம் இன்னமும் ஒன்றரை கிலோமீட்டர் கனத்துக்கு ஒட்டி நிற்கிறது. நாம் டிராக்கன்ஸ்பர்க் என்று அண்ணாந்து பார்ப்பது அதன் உடைந்த விளிம்பை.

அந்தக் குழம்போடு கரியமில வாயு வந்தது. காற்று சூடாயிற்று, கடலும் சூடாயிற்று. கடலுக்குக் கேடு இங்கேதான் ஆரம்பம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறைவு. 0 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.6தான். உப்பு நீரில் இரண்டுமே இன்னும் குறைவு. கணக்கில் இன்னொரு கொடுமையும் உண்டு: சூட்டில் மீனுக்கும் நண்டுக்கும் உடம்பு வேகமாக இயங்கும், ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறையும்போது செலவு ஏறுகிறது.

அடுத்து, மேல்நீர் சூடாகி லேசானால் அது அடியில் கிடக்கும் குளிர்ந்த கனமான நீரோடு கலப்பதில்லை. கடலடிக்கு ஆக்சிஜன் போவது மேலிருந்துதான். கலப்பு நின்றால் அடியில் இருப்பவர்கள் கையிருப்பைத் தின்று தீர்க்க வேண்டியதுதான்.

மூன்றாவது சங்கதி மழை. சூடான உலகில் மழை கூடுகிறது, பாறை வேகமாகக் கரைகிறது, ஆறுகள் பாஸ்பரஸைக் கடலுக்கு அள்ளிக் கொண்டுபோகின்றன. கடலில் மிதக்கும் நுண்பாசிக்கு அது உரம். பாசி கொழித்து, செத்து, அடிக்குப் போகிறது. அதை மக்க வைக்கும் பாக்டீரியா மிச்சமிருந்த ஆக்சிஜனையும் குடித்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத சேறு தன்னிடம் இருந்த பாஸ்பரஸைத் திரும்பவும் தண்ணீருக்கே விட்டுவிடும். அதில் மறுபடி பாசி, மறுபடி அழுகல். ஒருமுறை சுழல ஆரம்பித்தால் தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகும்.

2 ஜூன், பின்னிரவு

டர்பன் கடலைக் கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். அப்போது டர்பனுக்குக் கடலே கிடையாது. இந்துமாக் கடல் பிறக்கவில்லை. டர்பன் ஒரு பெருங்கண்டத்தின் உட்புறம். ஆக, இங்கே நெருப்புக்குச் சாட்சி இருக்கிறது, மூச்சுமுட்டிய கடலுக்குச் சாட்சி இல்லை. அது ஐரோப்பாவில் கிடக்கிறது.

8 ஜூன்

கேப் டவுனிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: “ஆக்சிஜன் குறைந்து கடல் உயிர் சாவதை நம் காலத்தில் யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?”

உங்கள் கரையிலேயே பார்க்கலாம் அக்கா. எலண்ட்ஸ் பேயில் 1997இல் சுமார் 2,000 டன் கல் இறால் தானாக நடந்து கரையேறிச் செத்தது. அங்குள்ள மீனவர்கள் கிரீஃப் என்பார்களே, அதேதான். 2022 மார்ச்சில் மறுபடியும், சுமார் 500 டன். மேற்குக் கரையில் குளிர்ந்த ஆழ்நீர் உரத்தைச் சுமந்துகொண்டு மேலேறி வரும், அதில் செம்பாசி கொழிக்கும், காற்று அடங்கினால் பாசி அப்படியே தேங்கிச் செத்து அழுகும், ஆக்சிஜன் விழும். கிரீஃப் ஆக்சிஜனைத் தேடி அலை அடிக்கும் விளிம்புக்கு வருகிறது, நீர் வற்றும்போது மணலில் மாட்டிக்கொள்கிறது. 2022இல் அரசு ஆட்களும் ஊர் மக்களும் உயிரோடிருந்ததைப் பொறுக்கித் திரும்பக் கடலில் விட்டார்கள்.

அதற்கு எரிமலை தேவைப்படவில்லை. ஒரு விரிகுடா, சில நாள் காற்றில்லாமை, அவ்வளவே. ஜுராசிக் கடலில் இதே வேலை சில லட்சம் ஆண்டுகள் நடந்தது. அங்கே உயிர்கள் நடந்து தப்பிக்கக் கரை எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

14 ஜூன்

வெகுநாளாக எழுத நினைத்தது. வடக்கு நட்டாலின் டண்டீ, நியூகாசில் நிலக்கரி பற்றி.

பாறைக்குழம்பு முழுவதும் மேலே வந்து கொட்டிவிடவில்லை. பெரும்பங்கு வழியிலேயே படிவப் பாறைகளுக்குள் புகுந்து கிடைமட்டத் தகடுகளாகவும் செங்குத்துச் சுவர்களாகவும் உறைந்தது. அந்தக் கருங்கல்தான் டோலரைட். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் தட்டையான தலையோடு நிற்கும் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றின் தலையில் இருப்பது இந்தத் தகடு. கரூ பாலைநிலத்துக் குன்றுகளும் அப்படியே. அந்தப் படிவப் பாறைகளில் ஒரு பகுதி எக்கா எனப்படும் தொகுதி. அதில் இரண்டு வகை எரிபொருள் இருந்தது: மேற்கே கரிச்சத்து மிகுந்த கருப்பு ஷேல் (சேறு இறுகிய பாறை), கிழக்கே நம் நட்டால் பக்கம் நிலக்கரி.

ஆயிரம் டிகிரியைத் தாண்டிய குழம்பு நிலக்கரிக்குப் பக்கத்தில் வந்து படுத்தால் என்ன ஆகும்? என் அம்மா ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிமூட்டம் போடுவதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவன் நான். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் வேக வைப்பார்கள். விறகில் இருந்த வாயுவெல்லாம் புகையாக வெளியேறும், கரி மட்டும் உள்ளே மிஞ்சும். பூமிக்கடியில் நடந்ததும் இதே வேலைதான், ஒரு நாடு அளவுக்கு. வெளியேறியது மீத்தேனும் கரியமில வாயுவும்.

மேற்குக் கரூவில் லூரிஸ்ஃபொன்டைன் போன்ற இடங்களில் நொறுங்கிய கற்கள் நிரம்பிய குழாய் வடிவ அமைப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அடியில் வெந்த வாயு அழுத்தம் தாங்காமல் மேலே பீறிட்ட வழிகள் அவை என்று நார்வே, தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2007இல் விளக்கினார்கள். எரிமலைக் குழம்பு தன்னோடு கொண்டுவந்த வாயுவை மட்டும் கணக்கிட்டால் கடலுக்கு நேர்ந்ததை விளக்கப் போதவில்லை. வேக வைத்த பாறையிலிருந்து வந்ததையும் சேர்க்க வேண்டும் என்பது இந்தக் கட்சி.

வடக்கு நட்டால் சுரங்கங்களில் ஆந்த்ரசைட் கிடைப்பதற்கும் டோலரைட் சூடு ஒரு முக்கியக் காரணம். வாயு போய்க் கெட்டித்த கரி. அந்தச் சுரங்கங்களில் இறங்கி வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! 1913 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் சுரங்கத் தொழிலாளிகளிடம் வீடு வீடாகப் பேசி வேலையை நிறுத்த வைத்தார்கள். நவம்பர் 6ஆம் தேதி காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் அந்தக் கரியை வெட்டிய கைகள் நிறைய. நம் சமூகத்தின் பெருமைக்குரிய ஒரு வாரம் இந்தக் கரி அடுக்கின் மேல் நடந்தது. அதே அடுக்கு ஒரு காலத்தில் உலகக் கடலைத் தொந்தரவு செய்த அடுக்குகளில் ஒன்று. இரண்டையும் சேர்த்து நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

16 ஜூன்

மேலே எழுதியதில் நிலக்கரிக்கு அதிகப் பங்கு கொடுத்த மாதிரித் தொனிக்கிறது. நிலைமை அவ்வளவு தீர்மானமாக இல்லை. டோலரைட் சுவர்களுக்குப் பக்கத்து நிலக்கரியை எடுத்து அளந்த சிலர், சூடு பட்ட பகுதி குறுகலானது, கிளம்பிய வாயுவில் ஒரு பகுதி பாறைக்குள்ளேயே தங்கிவிட்டது என்று மறுக்கிறார்கள். வேறு ஒரு கூட்டத்தார் கடலடிச் சேற்றில் பனிக்கட்டி போல உறைந்து கிடந்த மீத்தேன், கடல் சூடானதும் கரைந்து வந்தது என்கிறார்கள். அக்காலப் பாறைகளில் கரிம ஐசோடோப்பு விகிதம் (கரியின் லேசான, கனமான வகைகளின் விகிதம்) திடீரென்று லேசான பக்கம் சாய்வது இரண்டு விளக்கத்துக்குமே பொருந்தும்.

என் மனம் வெந்த ஷேல் பக்கம்தான் சாய்கிறது. காரணம், இந்தியாவின் டெக்கான் எரிமலைப் பீடபூமி. அதைப் பிறகு எழுதுகிறேன்.

22 ஜூன்

“18 கோடி ஆண்டுக்கு முந்தைய தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று இன்று எப்படி அளப்பது? ஊகம்தானே?” என்று ஒரு தம்பி. நல்ல கேள்வி. இதில் தங்கி எழுதத்தான் எனக்குப் பிடிக்கும்.

முதல் சாட்சி கருப்பு நிறம். ஆக்சிஜன் உள்ள கடலடியில் செத்த பாசியைப் புழுவும் பாக்டீரியாவும் தின்று தீர்த்துவிடும். சேறு வெளிறிக் கிடக்கும், புழு துளைத்த தடம் இருக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் கரிச்சத்து அப்படியே படியும், அடுக்குகள் காகிதம் போல மெல்லியதாகக் கலையாமல் நிற்கும். இங்கிலாந்தின் விட்பி கடற்கரையிலும் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனிலும் 18.3 கோடி ஆண்டுப் பழமையான அந்தக் கருப்பு ஷேல் கிடக்கிறது. ஹோல்ட்ஸ்மாடனில் கிடைத்த இக்தியோசார்கள், அதாவது மீன் வடிவக் கடல் ஊர்வன, உலகப் புகழ் பெற்றவை. வயிற்றில் குட்டியோடு, சிலவற்றில் தோலின் விளிம்பு கூடத் தெரிய. கடலடியில் பிணத்தைத் தின்னவோ கலைக்கவோ ஆளே இல்லாததால்தான் அவை அத்தனை முழுசாக மிஞ்சின.

ஆனால் கருப்பு ஷேல் அந்தந்த இடத்தின் கதையை மட்டும்தான் சொல்லும். ஐரோப்பா அப்போது தீவுகளும் ஆழமில்லாத கடலுமாக இருந்தது. அங்கே மட்டும் தண்ணீர் தேங்கியிருக்கலாமே என்று பல காலம் வாதம் நடந்தது. உலகக் கடல் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் வேண்டும். அதற்குத்தான் யுரேனியம். ஆக்சிஜன் இல்லாத சேறு கடல்நீரிலிருந்து யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலும் கனமான யுரேனியம் 238ஐச் சற்றே கூடுதலாக. அப்படிப்பட்ட சேறு உலகில் பரவினால் மிச்சக் கடல்நீரில் விகிதம் லேசாகும். அந்த விகிதம் எங்கோ தூரத்தில் படியும் சுண்ணாம்புக் கல்லில் பதிவாகிவிடும். தென் இத்தாலியச் சுண்ணாம்புக் கல்லில் இதை அளந்து 2024இல் ஒரு முடிவு வந்தது: உச்சக்கட்டத்தில் உலகக் கடலடியில் சுமார் 6 முதல் 8 சதவீதம் ஆக்சிஜன் அற்றுக் கிடந்தது. இன்றைக்கு இருப்பதைப் போல 28 முதல் 38 மடங்கு.

6 சதவீதம் கேட்கச் சின்னது. ஆனால் அது பெரும்பாலும் கண்டங்களின் ஓரத்தில், உயிர் நெருக்கமாக வாழும் இடத்தில் விழுகிறது. ஆழ்கடலின் நடுவே பாதி காலியானாலும் இவ்வளவு சேதம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

தாலியம் என்ற உலோகமும் இதே போல ஒரு சாட்சி. ஆக்சிஜன் உள்ள கடலடியில் மாங்கனீஸ் துரு படியும். அது கனமான தாலியத்தை இழுத்துக்கொள்ளும். துரு படிவது நின்றால் கடல்நீரின் தாலியம் கனமாகும். கனடா, ஜெர்மனிப் பாறைகளில் இதைப் பார்த்தவர்கள் 2018இல் சொன்னது: கரிம ஐசோடோப்பு சாய்வதற்கு ஏறக்குறைய 6 லட்சம் ஆண்டுகள் முன்பே கடல் ஆக்சிஜனை இழக்க ஆரம்பித்துவிட்டது. கரூ எரிமலை, அதாவது டிராக்கன்ஸ்பர்க்கைக் கொட்டிய அந்தக் குழம்பு, தொடங்கிய சமயத்தோடு அது ஒத்துப்போகிறது. பாறைகளில் பெரிய அதிர்ச்சி தெரிவதற்கு வெகு முன்பாகவே கடல் நோய்ப்பட்டிருக்கிறது. இந்த இழையில் எனக்கு அதிகம் முக்கியமாகப் படுவது இதுதான்.

23 ஜூன்

அதே தம்பி: காற்றிலும் ஆக்சிஜன் போய்விட்டதா? இல்லை. அக்காலப் பாறைகளில் காட்டுத்தீயின் கரித்துண்டுகள் கிடைக்கின்றன. காற்றில் போதிய ஆக்சிஜன் இல்லாமல் காடு எரியாது.

29 ஜூன்

ரீயூனியன் தீவில் உறவினர் வைத்திருக்கும் ஒருவர், அங்கே பிட்டன் டி லா ஃபுர்னேஸ் அடிக்கடி கக்குகிறதே, அதனால் கடலுக்கு ஆபத்து உண்டா என்கிறார்.

2007 ஏப்ரலில் அந்த மலையின் குழம்பு லெ டிரெம்ப்ளே பக்கம் கடலில் இறங்கியது. உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. கரையோரம் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன, சாதாரணமாக யார் கண்ணிலும் படாத இனங்கள். சேதம் அந்த இடத்தோடு சரி. அத்தனை பெரிய வெடிப்பிலும் வந்த குழம்பு ஒரு கன கிலோமீட்டரில் பாதிகூட இல்லை. கரூவின் லட்சக்கணக்கான கன கிலோமீட்டரோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்தத் தீவுக்கு அடியில் இருக்கும் அதே வெப்பப் புள்ளிதான் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா அதன் மேலே இருந்தபோது, டெக்கான் பீடபூமியைக் கொட்டியது. மொரிஷியஸும் அதே புள்ளியின் பிள்ளை. டெக்கான் கரூவுக்குச் சளைத்ததல்ல. ஆனாலும் அந்தக் காலத்தில் உலகெங்கும் பரவிய கருப்பு ஷேல் இல்லை, ஜுராசிக் மாதிரி கடல் மூச்சுமுட்டவில்லை. ஏன்? டெக்கான் குழம்பு ஏறி வந்த வழியில் பெரும்பாலும் பழைய கிரானைட் கல்லும் நைஸ் என்ற கல்லும். அவற்றை எவ்வளவு சுட்டாலும் மீத்தேன் வராது. கரூவில் வழி முழுக்க எரிபொருள். 16ஆம் தேதிக் குறிப்பில் வெந்த ஷேல் பக்கம் சாய்கிறேன் என்றது இதை வைத்துத்தான். எவ்வளவு கொட்டியது என்பதைவிட எதைச் சுட்டுக்கொண்டு வந்தது என்பதே பெரிது.

சைபீரியாவும் என் பக்கம் சாட்சி சொல்கிறது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே குழம்பு நிலக்கரி, எண்ணெய், உப்புப் படிவங்களை ஊடுருவித்தான் வந்தது. பூமி கண்ட மிகப் பெரிய அழிவு அது. கடலில் பத்தில் எட்டு, ஒன்பது இனங்கள் போயின.

30 ஜூன்

ஒரு திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு ஐயா: கடலுக்கடியிலேயே கொட்டிய எரிமலைகள் உண்டே, அங்கே குழம்பு நேரடியாக ஆக்சிஜனைத் தின்னாதா?

கொஞ்சம் தின்னும். சூடான பாறையினூடே வரும் நீரில் கரைந்த இரும்பும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆக்சிஜனோடு சேர்ந்து அதைக் குறைக்கும். பசிபிக்கின் ஒன்டாங் ஜாவா மேட்டுநிலம் உருவான சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு கருப்பு ஷேல் காலம் உண்டு, 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்னொன்று, இத்தாலியின் குப்பியோ அருகே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கனத்தில் கருப்புப் பட்டையாகத் தெரியும். ஆனால் அங்கேயும் பெரிய வேலையைச் செய்தது சூடும் பாசிக்குக் கிடைத்த உரமும்தான் என்பதே பரவலான கருத்து. காணொளிக்காரர் சொன்ன நெருப்பு இதிலும் இல்லை.

5 ஜூலை

சார்டின் சீசன். தெற்குக் கரையில் வலை இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். நம்மவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இழுக்கும் கரைவலை. குளிர்ந்த நீர் வடக்கே ஒரு பட்டையாக ஏறி வரும்போது மட்டும்தான் சார்டின் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

வலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சைபீரிய அழிவு பற்றிய 2018 ஆய்வு நினைவுக்கு வந்தது. அந்தக் கணினி மாதிரியில் கடல் தன் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கை இழக்கிறது. அதிகம் அடிவாங்கியது வெப்பமண்டல உயிர்கள் அல்ல, துருவத்தை ஒட்டிய குளிர்நீர் உயிர்கள். சூட்டுக்கும் குறைந்த ஆக்சிஜனுக்கும் பழகியவை இடம் மாறிப் பிழைத்தன. குளிரில் வாழ்ந்தவற்றுக்கு அதைவிடக் குளிர்ந்த இடம் பூமியில் மிச்சமில்லை. சார்டினும் அப்படிப்பட்ட குளிர்நீர்ப் பிறவி. இதைச் சொன்னபோது வலைக்கார அண்ணன் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு நின்று கேட்டார்; மழை அதிகமாகி ஆறு கலங்கி வரும் வருஷங்களில் தான் பார்த்ததையும் சொன்னார்.

6 ஜூலை

ஜுராசிக் கடல் எப்படித் தேறியது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கருப்பு ஷேலே மருந்தும் ஆயிற்று. பாசி காற்றிலிருந்து எடுத்த கரியைச் சேற்றுக்குள் புதைத்தபோது கரியமில வாயு குறைந்தது. கரி புதைந்த அளவுக்கு ஆக்சிஜன் காற்றில் மிஞ்சியது. புதிதாக உறைந்த எரிமலைக் கல்லும் மழையில் கரையும்போது கரியமில வாயுவை இழுத்துக்கொண்டது. வேல்ஸ், போர்ச்சுகல் பாறைகளில் கரித்துண்டுகளை எண்ணியவர்கள், கருப்பு ஷேல் காலம் தொடங்கிச் சுமார் பத்து லட்சம் ஆண்டுகள் கழித்துக் காட்டுத்தீ கூடியதைக் கண்டார்கள். காற்றில் ஆக்சிஜன் ஏறியதற்கு அது அடையாளம். காலத்தைக் கவனியுங்கள்: லட்சக்கணக்கில். மீன்பிடித் தொழிலுக்கு அது ஒரு ஆறுதலே அல்ல.

இன்றைய நிலவரமும் கேட்டார்கள். 1960களிலிருந்து உலகக் கடல் தன் ஆக்சிஜனில் சுமார் 2 சதவீதத்தை இழந்திருக்கிறது. இன்றைய எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடும் கரியமில வாயு நாம் எரிபொருளில் விடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. டண்டீயில் டோலரைட் செய்த வேலையை இன்று நம் அனல் மின்நிலையங்கள் செய்கின்றன, அதுவும் எக்கா தொகுதி நிலக்கரியைக் கொண்டே.

12 ஜூலை

பீனிக்ஸ் வாசகர் மகளை அழைத்துப் போக இடம் கேட்கிறார். சானி பாஸ் அழகு, ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும், மேலே லெசோத்தோ எல்லை, பாஸ்போர்ட் கட்டாயம். சின்னப் பிள்ளையோடு போவதற்கு கோல்டன் கேட் பூங்கா மேல். தார்ச்சாலையிலேயே போகலாம். அங்கே மஞ்சள் நிறக் கிளாரன்ஸ் மணற்கல்லைக் காட்டுங்கள்: அது பாலைவன மணல்மேடு. அதற்கு மேலே கருத்த பசால்ட் தொடங்கும் கோட்டைத் தேடச் சொல்லுங்கள். முதல் குழம்பு மணல்மேட்டின் மேல் ஓடிய இடம் அந்தக் கோடு. அதே பூங்காவில்தான் 1976இல் மாசோஸ்பாண்டிலஸ் டைனோசரின் முட்டைகள் கிடைத்தன.

கல்லைத் தொட்டுப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். புதைபடிவம் கண்ணில் பட்டால் எடுத்து வர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டப்படி அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து பூங்கா அலுவலகத்தில் சொல்லுங்கள். ஜூலையில் மேலே பனி விழும், சாலை நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.